காலந்தவறா வானோடி

நுழையும்முன்

விரைவு என்பது பிறரை முந்துவதற்கா, சொன்ன சொல்லைக் காப்பதற்கா? வானூர்திப் பந்தயமொன்றில் கலந்துகொண்டு பரிசை இழந்த இளைஞர் ஒருவர், தம் வாழ்நாள் முழுவதையும் இவ்வினாவிற்கு விடையாக்கினார். இந்திய வான்போக்குவரத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஜே.ஆர்.டி. டாடாவின் வாழ்வு அது. அவர் தொடங்கிய முதல் வான்வழியின் தென்முனை நம் தமிழ்நிலத்தில் அமைந்திருந்தது.

செங்கல்பட்டு நிலமும் வான்வழியும்

ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டு மண், பழங்காலந்தொட்டே வழிகளின் நிலமாகும். பல்லவர் காலத்தில் மாமல்லபுரத்துக் கடற்கரை கலங்கள் வந்தணையும் துறையாக விளங்கியது. குன்றின் உச்சியில் எரிந்த விளக்கொளி, இரவில் மரக்கலங்களுக்கு வழிகாட்டியது. இன்று அக்கரையில் நின்று அண்ணாந்து நோக்குவோர், கடலின்மீது வளைந்து திரும்பிச் சென்னை வானூர்தி நிலையத்தை நோக்கி இறங்கும் பெரும் ஊர்திகளைக் காண்பர். கலங்களின் காலம் போய் வானூர்திகளின் காலம் வந்தது. வழியின் தேவை மட்டும் மாறவில்லை.

இந்நிலத்தின் வான்வரலாறு 1910ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. சென்னை மவுண்ட் சாலையில் உணவு விடுதி நடத்திவந்த டி ஆஞ்செலிஸ் என்பவர், சிம்ப்சன் நிறுவனத்தாரின் உதவியுடன் வானூர்தி ஒன்றை உருவாக்கிப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். பல்லாவரமும் பரங்கிமலையும் மீனம்பாக்கமும் அந்நாளில் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்களே. எனினும் அன்று மக்கள் கண்டது ஒரு வியப்புக் காட்சி மட்டுமே. பறத்தல் என்பது வேடிக்கையாக இருந்த நிலைமாறி, வாழ்வுக்குப் பயன்படும் பணியாவதற்கு மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அம்மாற்றத்தை நிகழ்த்தியவர் தொலைவில், மற்றொரு கடற்கரையில், அப்போது சிறுவனாக விளையாடிக்கொண்டிருந்தார்.

மணற்பரப்பில் முளைத்த கனவு

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா 1904ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். தந்தையார் ரத்தன்ஜி தாதாபாய் டாடா, தொழில்முன்னோடி ஜாம்ஷெட்ஜி டாடாவின் உறவினர். அவருடைய நிறுவனத்தில் பங்காளராகவும் விளங்கியவர். தாயார் சூசன் பிரியேர், பிரெஞ்சு நாட்டவர். இரு நாடுகளின் பண்பாட்டையும் ஒருங்கே பெற்று வளர்ந்த அச்சிறுவரை உற்றார் ‘ஜே’ என்று அழைத்தனர். பின்னாளில் உலகம் அவரை ஜே.ஆர்.டி. என்றே அறிந்தது.

பிரான்சின் வடகரையில் ஆர்தெலோ என்னும் கடற்கரைச் சிற்றூர் உண்டு. கோடைக்காலத்தில் டாடா குடும்பத்தினர் அங்கே தங்குவது வழக்கம். அவ்வூரில் அவர்களுக்கு அண்டை வீட்டாராக இருந்தவர் லூயி பிளேரியோ. 1909ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள், பிரான்சையும் இங்கிலாந்தையும் பிரிக்கும் கடற்கால்வாயை வானூர்தியில் முதன்முதலாகக் கடந்து உலகை வியக்கவைத்தவர் அவர்தாம். அவருடைய வானூர்திகள் ஆர்தெலோவின் அகன்ற மணற்பரப்பில் வந்திறங்கும். ஓடிச்சென்று அவற்றைச் சூழ்ந்துகொள்ளும் சிறுவர் கூட்டத்தில் ஜே.ஆர்.டி.யும் ஒருவர். பதினைந்தாம் வயதில் அவருக்கு வானூர்தியில் ஏறிச் சிறிது நேரம் பறக்கும் வாய்ப்புக் கிடைத்தது. தாமும் ஒருநாள் வானோடியாக வேண்டும் என்னும் உறுதி அன்றே அவர் உள்ளத்தில் வேர்கொண்டது.

ஆயினும் அக்கனவு உடனே கைகூடவில்லை. 1923இல் தாயார் காசநோயால் மறைந்தார். பிரெஞ்சுக் குடிமகன் என்னும் முறையில் ஜே.ஆர்.டி. அந்நாட்டுப் படையில் ஓராண்டு பணியாற்ற நேர்ந்தது. அதன்பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில விரும்பினார். தந்தையாரோ இந்தியாவிற்கு வந்து தொழில் பழகுமாறு அழைத்தார். 1925ஆம் ஆண்டின் இறுதியில் பம்பாய்க்கு வந்த அவர், டாடா நிறுவனத்தில் ஊதியமில்லாப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டே தந்தையாரும் மறைந்தார். இருபத்திரண்டு வயதில் பெருங்குடும்பத்தின் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. பல்கலைக்கழகக் கல்வி வாய்க்கவில்லை என்னும் குறை அவர் மனத்தில் நெடுங்காலம் இருந்தது. அக்குறையை இடைவிடாத வாசிப்பாலும் உழைப்பாலும் அவர் ஈடுசெய்தார்.

முதல் எண்

1928ஆம் ஆண்டில் பம்பாயில் பறக்கும் சங்கம் ஒன்று தோன்றியது. செய்தியறிந்த ஜே.ஆர்.டி. காலந்தாழ்த்தாமல் அதில் சேர்ந்தார். பயிற்றுநருடன் மூன்றே முக்கால் மணி நேரம் மட்டுமே பறந்த நிலையில், தனித்துப் பறக்கும் தகுதியை அடைந்தார். 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் வானோடிக்குரிய உரிமம் அவருக்கு வழங்கப்பட்டது. இந்தியா, பர்மா ஆகிய நாடுகளுக்கான வானோட்டச் சங்கம் அளித்த அச்சான்றில் ‘1’ என்னும் எண் பொறிக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் நாட்டின் உயரிய விருதுகள் பல அவரைத் தேடி வந்தன. எனினும் அச்சிறு உரிமம் அளித்த மகிழ்ச்சிக்கு ஈடாக வேறொன்றையும் அவர் கருதியதில்லை. அதே ஆண்டில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்து இந்தியாவையே தம் நாடாக ஏற்றார்.

பந்தயங்களின் காலம்

அந்நாளில் உலகெங்கும் வானூர்திப் பந்தயங்கள் மக்களின் உள்ளத்தை ஈர்த்திருந்தன. 1909ஆம் ஆண்டு பிரான்சின் ரைம்ஸ் நகரில் நடைபெற்ற முதல் பன்னாட்டு வானூர்தி விழாவில், அமெரிக்கரான கிளென் கர்ட்டிஸ் மணிக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர் விரைவில் பறந்து கோப்பையை வென்றார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1931இல் நடந்த ஷ்னைடர் கோப்பைப் போட்டியில் வென்ற ஆங்கிலேய வானூர்தியின் விரைவு மணிக்கு ஏறத்தாழ 547 கிலோமீட்டர். ஒரு தலைமுறைக் காலத்திற்குள் விரைவு ஏழு மடங்காகப் பெருகியது.

இவ்வளர்ச்சிக்குப் பந்தயங்களே உலைக்களமாயின. பந்தயத்திற்குச் செல்லும் வானூர்தியின் உடலமைப்பைப் பொறியாளர் பலவாறு திருத்துவர். காற்றின் தடையைக் குறைப்பதற்காக இறக்கையின் நுனிகளை வெட்டிச் சுருக்குவர், மேற்பரப்பை வழவழப்பாக்குவர், வேண்டாத எடையை நீக்குவர், பொறியின் ஆற்றலைக் கூட்டுவர். நெடுந்தொலைவுப் பறப்பாயின், முன்னிருக்கையை அகற்றி அவ்விடத்தில் கூடுதல் எரிபொருட் கலத்தைப் பொருத்துவர். இத்திருத்தங்களில் பயனுள்ளவை பின்னர்ப் பொதுப் பயன்பாட்டிற்கு வந்துசேரும். அமெரிக்காவின் ரீனோ நகரில் 1964 முதல் 2023 வரை நடைபெற்ற பந்தயங்களிலும் இம்மரபைக் காணலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பழைய வானூர்திகள் இறக்கை சுருக்கப்பட்டும் பொறி வலுவூட்டப்பட்டும் அங்கே பறந்தன. ஜெட் வானூர்திகளுக்கும் அங்குத் தனிப் பிரிவு இருந்தது.

ஆனால் பந்தயத்தின் உண்மைப் பயனை 1934ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று தெளிவாக உணர்த்தியது. அவ்வாண்டு இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகர்வரை ஒரு மாபெரும் பந்தயம் நடந்தது. நம் நாட்டின் அலகாபாத்தும் அதன் கட்டாயத் தங்கிடங்களுள் ஒன்று. முதலிடம் பெற்றது பந்தயத்திற்கென்றே உருவாக்கப்பட்ட வானூர்தி. இரண்டாம் இடம் பெற்றதோ பயணிகளையும் அஞ்சல் பைகளையும் சுமந்துவந்த ஒரு சாதாரணப் போக்குவரத்து ஊர்தி! முதலிடம் பெற்றதைவிட அவ்வூர்தியே உலகை மிகுதியாகச் சிந்திக்கவைத்தது. நாள்தோறும் பயன்படும் விரைவே நாட்டிற்கு வேண்டிய விரைவு என்பதை உலகம் அன்று உணர்ந்தது. ஜே.ஆர்.டி. அதனை அதற்கு முன்னரே உணர்ந்திருந்தார். அவ்வுணர்வுக்கு வழிவகுத்தது, அவரே கலந்துகொண்ட ஒரு போட்டியாகும்.

பாலைவன ஓரத்தில் ஒரு சந்திப்பு

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே, எத்திசையிலேனும் தனியாகப் பறந்துசெல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு வழங்கப்படும் என ஆகாகான் அறிவித்தார். 1930ஆம் ஆண்டில் மூவர் அப்பரிசை நாடி வானேறினர். அவர்கள் மன்மோகன் சிங், ஆஸ்பி எஞ்சினியர், ஜே.ஆர்.டி. ஆகியோர். மன்மோகன் சிங் இடர்கள் பலவற்றைத் தாண்டி இந்தியாவை வந்தடைந்தும், விதிக்கப்பட்ட காலவரம்புக்குள் பயணம் முடியாமையால் பரிசுக்கு உரியவராகவில்லை. எஞ்சியோர் இருவர். ஆஸ்பி இங்கிலாந்திலிருந்து இந்தியாவை நோக்கியும், ஜே.ஆர்.டி. மே மாதம் 3ஆம் நாள் கராச்சியிலிருந்து இங்கிலாந்தை நோக்கியும் புறப்பட்டனர்.

அக்காலத்தில் இவ்வாறு பறப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். அவர்கள் ஏறிச்சென்ற ஜிப்சி மாத் வானூர்தி மரத்தாலும் துணியாலும் ஆனது. வானோடியின் இருக்கைக்குக் கூரை இல்லை. வெயிலும் மணற்காற்றும் நேரே முகத்தில் அறையும். தரையிலிருப்போருடன் பேசுவதற்குக் கம்பியில்லாக் கருவி இல்லை. திசைகாட்டியும் நிலப்படமுமே துணை. கீழே பாரசீக வளைகுடாவின் வறண்ட கரையும், அதனை அடுத்து முடிவில்லாப் பாலையும் விரிந்து கிடக்கும். பொறி நின்றுவிடுமாயின் இறங்கிய இடத்தில் உதவிக்கு வர ஒருவருமிலர்.

எகிப்து நாட்டின் அபூகீர் வானூர்தித் தளத்தில் ஜே.ஆர்.டி. இறங்கியபோது, அங்கே மற்றொரு ஜிப்சி மாத் நின்றுகொண்டிருந்தது. அதனருகே செய்வதறியாது நின்றவர் ஆஸ்பி எஞ்சினியர். அவருக்கு அப்போது வயது பதினேழு. வானூர்திப் பொறியில் எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகள் பழுதுபட்டிருந்தன. மாற்றுவதற்கு வேறு அவரிடம் இல்லை. அளவில் விரல் நீளமே உடைய அச்சிறு கருவி இல்லையெனில் பொறி இயங்காது. பொறி இயங்காவிடில் பந்தயமும் இல்லை.

ஜே.ஆர்.டி.யிடம் மாற்று ஸ்பார்க் பிளக்குகள் இருந்தன. அவற்றைக் கொடுக்க வேண்டும் என்று எவ்விதியும் இல்லை. கொடாமல் தம் வழியே சென்றிருந்தாலும் எவரும் அவரைப் பழித்திருக்கமாட்டார். மேலும் அவருக்கு எஞ்சியிருந்த வழியும் கடல் கடந்த நெடுவழி. தம் வானூர்திக்கே அவை தேவைப்படலாம். இருப்பினும் அவர் தயங்கவில்லை. தம்மிடமிருந்தவற்றைப் பகிர்ந்து ஆஸ்பிக்கு அளித்தார். நன்றிப்பெருக்கால் ஆஸ்பி, கடலில் வீழ நேர்ந்தால் மிதக்க உதவும் தம் உயிர்காப்பு உடையை அவருக்குத் தந்தார். தாம் கடக்கவேண்டிய கடல் இனி இல்லை என்பதும், ஜே.ஆர்.டி.யின் முன்னே மத்தியதரைக்கடல் கிடக்கிறது என்பதும் ஆஸ்பிக்குத் தெரியும். பரிசுக்காகப் பொருத இருவர், ஒருவர் மற்றவரின் பயணம் இனிதே முடியவேண்டும் என்று விரும்பிப் பிரிந்தனர்.

ஜே.ஆர்.டி. இலண்டனை அடைவதற்குள் ஆஸ்பி கராச்சியில் இறங்கிவிட்டார். பரிசு அவருக்கே உரியதாயிற்று. அன்று அபூகீரில் கைமாறிய அச்சிறு கருவிகள் இல்லாதிருந்தால் முடிவு வேறாகியிருக்கவும் கூடும். ஜே.ஆர்.டி. அதற்காக ஒருபோதும் வருந்தியதில்லை. ஆஸ்பியின் வெற்றியில் மகிழ்ந்தார். அவ்வெற்றி ஆஸ்பிக்கு வான்படையின் கதவைத் திறந்துவிட்டது. முப்பதாண்டுகளுக்குப் பின், 1960இல், அவர் இந்திய வான்படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்தார். அவர் தலைமையேற்ற வான்படையின் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி, நம் தாம்பரத்தில் இயங்கிவருவது ஈண்டு நினைக்கத்தக்கது. ஒருவர் பரிசை இழந்தார். நாடு ஒரு தளபதியைப் பெற்றது.

கராச்சி முதல் சென்னை வரை

இங்கிலாந்திலிருந்து வான்வழியே வரும் அஞ்சல் 1929 முதல் கராச்சியை வந்தடைந்தது. இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் வாரத்திற்கு ஒருமுறை அச்சேவையை நடத்தியது. ஆனால் கராச்சியில் இறக்கப்பட்ட அஞ்சல் பைகள், அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் இருப்புப்பாதை வழியாகவே பயணம் செய்தன. பல நாடுகளைத் தாண்டி விரைந்து வந்த கடிதம், நம் நாட்டிற்குள் வந்தபின் விரைவை இழந்தது. இவ்விடைவெளியை வான்வழியால் இணைக்கலாம் என்னும் திட்டத்துடன் வந்தவர் நெவில் வின்சென்ட். அவர் பிரித்தானிய வான்படையில் பணியாற்றிய தென்னாப்பிரிக்கர், பறப்பதில் தேர்ந்தவர். அவருடைய திட்டத்தை ஜே.ஆர்.டி. உடனே பற்றிக்கொண்டார். டாடா நிறுவனத்தின் தலைவர் தோராப்ஜி டாடாவின் இசைவும் இரண்டு இலட்சம் ரூபாய் முதலீடும் கிடைத்தன. அரசிடம் மானியம் கேட்டும் கிடைக்கவில்லை. எனினும் 1932ஆம் ஆண்டு ஏப்ரலில் அஞ்சல் ஒப்பந்தம் கையெழுத்தாகியது.

அன்றைய டாடா வான்சேவையின் உடைமை மிக எளியது. பஸ் மாத் வகையைச் சேர்ந்த ஒற்றைப் பொறி ஊர்திகள் இரண்டு, விரல்விட்டு எண்ணத்தக்க வானோடிகள், சில பொறிவினைஞர் ஆகியோரே அதன் முழு வலிமை. பம்பாயில் சுகு என்னுமிடத்தில் கடலோர மண்தரையே ஓடுபாதை. மழைக்காலத்தில் அங்கே நீர் தேங்கிவிடும். அப்போது புனே நகருக்கு இடம்பெயர்ந்து பணியைத் தொடர்வர்.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் விடியற்காலை, கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. புறப்பட்டார். அவருடன் சென்றவை ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள அஞ்சல் பைகள் மட்டுமே. அகமதாபாத்தில் எரிபொருள் நிரப்ப இறங்கினார். எரிபொருட் கலன்கள் அங்கே மாட்டுவண்டியில் வந்துசேர்ந்தன. வானூர்திக்கு மாட்டுவண்டி உணவூட்டிய அக்காட்சி, இருவேறு காலங்கள் கைகோத்துக்கொண்ட அரிய காட்சியாகும். பிற்பகலில் அவர் பம்பாயை அடைந்தார். சென்னைக்குரிய அஞ்சலைப் பெற்றுக்கொண்ட வின்சென்ட், மற்றோர் ஊர்தியில் பெல்லாரி வழியாகத் தெற்கு நோக்கிப் பறந்தார். மறுநாள் அவ்வஞ்சல் சென்னையை அடைந்தது. இந்திய நிறுவனமொன்றின் முதல் வான்வழி இவ்வாறு தமிழ்நிலத்தில் வந்து நிறைவுற்றது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் டி ஆஞ்செலிஸ் பறந்து காட்டிய வானில், வேடிக்கை பணியாக மாறியது.

நேரமே நாணயம்

ஓர் அஞ்சல் பையின் மதிப்பு அதன் எடையில் இல்லை. அது உரிய நேரத்தில் சென்றுசேர்வதில் இருக்கிறது. சென்னை வணிகர் ஒருவரின் கடிதம் கராச்சியில் இலண்டன் ஊர்தியைத் தவறவிட்டால், அடுத்த ஊர்திக்காக ஒரு வாரம் காத்திருக்க நேரும். ஆதலின் ஜே.ஆர்.டி.யும் அவருடைய தோழர்களும் காலந்தவறாமையைத் தம் நாணயமாகக் கொண்டனர். பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையிலான வழி எளிதன்று. பருவமழைக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைகளை முகில் மூடும். சூறைக்காற்று மரத்துண்டென ஊர்தியை அலைக்கழிக்கும். வழிகாட்டும் விளக்கோ வானிலை அறிவிப்போ இல்லாத அவ்வழியில், மலைமுகடுகளின் இடைவெளியைக் கண்ணாலேயே தேடிக் கடக்கவேண்டும்.

முதல் ஓராண்டில் அச்சேவையின் ஊர்திகள் 1,60,000 மைல் பறந்தன. 155 பயணிகளையும் 10.71 டன் அஞ்சலையும் சுமந்தன. அவ்வாண்டு முழுவதிலும் சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களின் அஞ்சல் ஒருமுறையேனும் கராச்சியில் இணைப்பு ஊர்தியைத் தவறவிடவில்லை. சென்னைக்கு வரவேண்டிய அஞ்சலும் ஒருநாளேனும் காலந்தாழ்ந்து வரவில்லை. வான்போக்குவரத்துத் துறையின் ஆண்டறிக்கை, வான் அஞ்சல் சேவை எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாக அதனைப் பாராட்டியது. பந்தயத்தில் வெல்ல ஒருநாள் விரைவு போதும். ஆண்டு முழுவதும் காலந்தவறாதிருக்க வேண்டியது விரைவு மட்டுமன்று; ஒழுங்கும் முன்னேற்பாடும் உடன்பணியாற்றுவோர் மீது கொண்ட நம்பிக்கையும் ஆகும்.

வான்வழி சிறிது சிறிதாக விரிந்தது. 1938ஆம் ஆண்டில் அது கடல்கடந்து கொழும்புவரை நீண்டது. அதே ஆண்டில், முப்பத்து நான்கு வயதே நிரம்பிய ஜே.ஆர்.டி. டாடா நிறுவனங்களின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இரும்பாலை முதல் அறிவியல் ஆய்வுக்கூடம் வரை பல துறைகள் அவர் பார்வையில் வளர்ந்தன. பம்பாயில் புற்றுநோய் மருத்துவமனை உருவாகவும், அணுவியலறிஞர் ஹோமி பாபாவின் எண்ணப்படி 1945இல் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் தோன்றவும் அவர் துணைநின்றார். அந்நிறுவனத்தில் கால்கொண்ட அணுவியல் ஆய்வின் வளர்ச்சியே பின்னாளில் மாமல்லபுரத்தை அடுத்த கல்பாக்கம் கடற்கரையில் அணுமின் நிலையமாக உருப்பெற்றது. இத்தனைப் பொறுப்புகளுக்கு இடையிலும் அவர் நெஞ்சம் வானைவிட்டு அகலவில்லை.

இழந்தும் துறவாமை

டாடா வான்சேவை 1946இல் ஏர் இந்தியா என்னும் பெயரில் பொது நிறுவனமாயிற்று. 1948ஆம் ஆண்டு சூன் 8ஆம் நாள் அதன் ‘மலபார் பிரின்சஸ்’ என்னும் ஊர்தி பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் பறந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் கூரையில்லா ஊர்தியில் தனியாக அவ்வழியே சென்ற ஜே.ஆர்.டி., இம்முறை விடுதலை பெற்ற நாட்டின் வானூர்தியில் பயணியாக அமர்ந்து சென்றார்.

1953இல் வான்போக்குவரத்து நாட்டுடைமையாக்கப்பட்டது. தாம் தொட்டு வளர்த்த நிறுவனம் தம் கையைவிட்டுச் செல்வது ஜே.ஆர்.டி.க்குப் பெருந்துயரம் தந்தது. அம்முடிவில் தமக்கிருந்த கருத்து வேறுபாட்டை அவர் மறைக்கவுமில்லை. ஆயினும் ஏர் இந்தியாவின் தலைமையை ஏற்குமாறு அரசு அழைத்தபோது மறுக்கவில்லை. உரிமை தம்மிடம் இல்லை என்பதற்காகப் பொறுப்பையும் உதறிவிட அவர் மனம் ஒப்பவில்லை. அபூகீரில் பரிசைக் காட்டிலும் பயணத்தைப் பெரிதாக எண்ணிய அதே உள்ளமே இங்கும் செயற்பட்டது.

அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் அந்நிறுவனத்தை வழிநடத்தினார். பயணம் செய்யும்போதெல்லாம் கையில் குறிப்பேடு இருக்கும். இருக்கையின் துணி, தேநீரின் சுவை, பணியாளரின் தோற்றம், கழிப்பறையின் தூய்மை என ஒவ்வொன்றையும் உற்றுநோக்கிக் குறித்துக்கொள்வார். தூசு படிந்த மேசையைக் கண்டால் பிறரை ஏவாமல் தாமே துடைத்துவிடுவார். 1960இல் போயிங் 707 ஜெட் வானூர்திகள் ஏர் இந்தியாவில் சேர்ந்தன. 1962க்குள் அதன் ஊர்திகள் அனைத்துமே ஜெட் ஊர்திகளாயின. உலகின் பெரிய வான்சேவைகளுக்கு நிகராக ஒரு புதிய நாட்டின் வான்சேவை தலைநிமிர்ந்து நின்றது.

1978ஆம் ஆண்டு பிப்ரவரியில் அரசு அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. நாற்பத்தாறு ஆண்டுப் பணி எதிர்பாராத வகையில் முடிவுக்கு வந்தது. அம்முடிவு அவரை வருத்தியது; அவருடன் பணியாற்றியோரையும் வருத்தியது. எனினும் வான்போக்குவரத்தின் மீது அவர் கொண்ட பற்று பதவியோடு வந்ததன்று. ஆகவே பதவியோடு போகவும் இல்லை.

மீண்டும் அதே வழியில்

முதல் அஞ்சல் பறப்பு நிகழ்ந்து ஐம்பதாண்டுகள் நிறைந்த 1982ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், கராச்சியிலிருந்து ஒரு சிறு வானூர்தி பம்பாயை நோக்கிப் புறப்பட்டது. அதைச் செலுத்தியவர் எழுபத்தெட்டு வயதான ஜே.ஆர்.டி. அவ்வூர்தி, பஸ் மாத்தின் வழியில் 1933இல் உருவான லெப்பர்ட் மாத் வகையைச் சேர்ந்தது. எஃகுக் குழாய்களுக்கு மாற்றாக ஒட்டுப்பலகையால் உடலமைத்து எடை குறைக்கப்பட்டது. அரைநூற்றாண்டை நெருங்கிய அப்பழைய ஊர்தி செப்பனிடப்பட்டுப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது. ஜெட் ஊர்திகள் முகிலுக்கு மேலே சில மணிநேரத்தில் கண்டங்களைக் கடந்துகொண்டிருந்த காலத்தில், அவர் அப்பழைய ஊர்தியில் அகமதாபாத்தில் இறங்கி, பம்பாயின் சுகு தளத்தை வந்தடைந்தார்.

இது பழம்பெருமை பேசுவதற்கான பறப்பன்று. நாட்டின் இளைஞரிடையே ஊக்கம் குன்றிவருகிறது என்னும் கவலை அவருக்கு இருந்தது. முதுமையிலும் ஒரு செயலை முயன்று முடிக்க இயலும் என்பதைச் சொல்லால் அன்றிச் செயலால் உணர்த்தவே அவர் மீண்டும் வானேறினார். இம்முறை அவருடன் போட்டியிட எவருமில்லை. முந்த வேண்டியவர் ஒருவரும் இல்லாத வானில், தாம் வகுத்துக்கொண்ட அளவுக்குத் தாம் குறையாதிருப்பதே அவருக்குப் பந்தயமாயிற்று.

1992ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கிச் சிறப்பித்தது. 1993ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் அவர் மறைந்தார். பிறந்த பாரிசு நகரிலேயே அவர் உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது. அவர் நிறுவிய வான்சேவை, 2022ஆம் ஆண்டு சனவரியில் மீண்டும் டாடா நிறுவனத்தாரின் பொறுப்பில் வந்துசேர்ந்தது.

பந்தயத்தில் முதலாவதாக வருவோர் பெயரை வரலாறு குறித்துக்கொள்ளும். ஆனால் பாலைவன ஓரத்தில் நின்றுபோன போட்டியாளரின் பொறியை மீண்டும் இயங்கவைத்தவர் பெயரையும் அது மறந்துவிடவில்லை. ஜே.ஆர்.டி. இழந்தது 500 பவுன் பரிசு. பின்னர் ஈட்டியது ஒரு நாட்டின் நம்பிக்கை. சென்னையில் ஒருவர் எழுதிய கடிதம் மலையையும் மழையையும் கடந்து, குறித்த நாளில் கராச்சியின் இணைப்பு ஊர்தியை எட்டியது. பெறுவோர் அவ்வானோடியின் பெயரை அறியார். கடிதம் காலந்தவறாமல் வந்தது என்பதை மட்டும் அறிவர். அறியப்படாத அந்நம்பிக்கையைக் காப்பதே உயர்ந்த வெற்றி என்பதை ஜே.ஆர்.டி. டாடாவின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.